காரின் குறை யாருக்குத் தெரியும்?



உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கார் நிற்குமானால், பெரும்பாலும் அது உங்களுக்கு முன் வேறொரு குடும்பத்தைச் சுமந்த காராகவே இருக்கும். நமது நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஒன்று புத்தம் புதிய கார் வாங்குவது அபூர்வம். இறக்குமதி வரி அப்படி. அதிலும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடையில் கழிந்த அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்களே கை மாறிக் கை மாறி ஓடின. சில வருடம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"கார் ஆண்கள் விஷயம், அதிலும் ஒரு மௌலவி இதை எழுதுவதா?" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நமது ஃபிக்ஹ் கிதாபுகளில் கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடத்தைத் திறந்தால் அது முழுவதும் வாகனங்கள்தாம். ஒட்டகம், குதிரை, கழுதை. அக்காலத்து மக்கள் பழைய வாகனம் வாங்கினார்கள், ஏமாந்தார்கள், வழக்குக்கு வந்தார்கள். மத்ரஸாவில் இந்தப் பாடத்தை நடத்தும்போது பிள்ளைகள் சோர்ந்து விழுவார்கள். ஒட்டகத்தின் இடத்தில் காரை வைத்துச் சொன்னால் எல்லாக் கண்களும் திறந்துகொள்ளும்.

அந்தப் பாடத்தில் வரும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். அபூ ஸிபாஃ என்பவர் ஒரு பெண் ஒட்டகத்தை விலை பேசி வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். பின்னாலிருந்து ஒருவர் கீழாடை தரையில் இழுபட விரைந்து வருகிறார். வந்தவர் வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) என்ற ஸஹாபி. ஒட்டகத்தில் உள்ளதை உனக்கு விளக்கிச் சொன்னார்களா என்று கேட்கிறார். அதில் என்ன இருக்கிறது, கொழுத்து ஆரோக்கியமாகத்தானே தெரிகிறது என்கிறார் வாங்கியவர். பிரயாணத்துக்கு வாங்கினாயா, இறைச்சிக்கு வாங்கினாயா என்று வாஸிலா (ரழி) மீண்டும் கேட்கிறார். ஹஜ்ஜுக்குப் போக வாங்கினேன் என்று பதில் வருகிறது. அப்படியானால் அதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். விற்றவருக்குக் கோபம். என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்கிறார். அதற்கு வாஸிலா (ரழி), பொருளின் குறையைச் சொல்லாமல் விற்பது ஆகுமானதல்ல என்றும், குறையை அறிந்த வேறொருவர் அதைச் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதல்ல என்றும் நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதை எடுத்துச் சொல்கிறார். இச்சம்பவம் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் இதைக் கொண்டு வருகிறார்கள்.

இறைச்சிக்கு வாங்கியிருந்தால் பாதத்து ஓட்டை ஒரு குறையே அல்ல. அதனால்தான் அந்த ஸஹாபி எதற்கு வாங்கினாய் என்று முதலில் கேட்டார். கொழும்புக்குள் பாடசாலைக்கும் கடைக்கும் ஓட வாங்கும் காரும், கண்டிக்கும் பதுளைக்கும் மலை ஏற வாங்கும் காரும் ஒன்றல்ல. கார் பார்க்கப் போகும்போது எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாணயமான மனிதராக இருந்தால் அந்த ஒரு வார்த்தையே அவரைப் பேச வைக்கும்.

இந்த ஹதீஸின் பிற்பகுதிதான் நம்மில் பலருக்குக் கனக்கிறது. விற்பவர் சொல்ல வேண்டும் என்பது சரி. அறிந்த மூன்றாமவரும் சொல்ல வேண்டுமாமே! அடுத்த வீட்டுக்காரர் காரை விற்கிறார். அது ஒருமுறை பெரிய விபத்தில் அடிபட்டது நமக்குத் தெரியும். வாங்க வந்திருப்பது நமது ராத்தாவின் மருமகன். "நமக்கேன் பொல்லாப்பு, புறம் பேசியதாகவும் ஆகிவிடும்" என்று பெண்கள் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அல்அத்கார் என்ற கிதாபில் எந்தப் பேச்சு ஃகீபத் ஆகாது என்று விளக்கும் இடத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். விற்கப்படும் பொருளில் குறை இருப்பதை அறிந்தவர், வாங்குபவருக்கு அது தெரியாவிட்டால் சொல்வது கடமை. காரின் குறையைச் சொல்ல வேண்டியதுதான். காரை விற்பவரின் குடும்பக் கதை அதில் சேராது.

காரைப் பார்த்துச் சொல்லும் பாஸும் இந்த மூன்றாமவர்தான். சிலர் வாங்குபவரிடம் கூலியும் விற்பவரிடம் கொமிஷனும் வாங்கிக்கொண்டு, "நல்ல கார், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்" என்பார்கள். விற்பவர் காட்டும் கராஜுக்குப் போகாமல், நீங்களே ஒரு பாஸைக் கூலி பேசிக் கூட்டிச் செல்லுங்கள். அந்தச் சில ஆயிரம் ரூபா வீண் செலவல்ல.

இனி மீட்டர் விஷயம். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைத்து விற்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்த ரகசியம். நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் இதற்கு ஒரு மூத்த சகோதரன் இருந்தான். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்கு முன் சில நாள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். சந்தையில் மடி பெருத்துத் தெரியும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரிரு முறை கறந்த பிறகுதான் உண்மை வெளிப்படும். இப்பிராணிக்கு முஸர்ராத் என்று பெயர். அதை வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், கறந்த பாலுக்காக ஒரு ஸாஃ பேரீத்தம்பழமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஹதீஸ் வந்திருக்கிறது. முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு அதற்கு மூன்று நாள் அவகாசத்தையும் குறிப்பிடுகிறது. ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தந்த மார்க்கம், அவர் குடித்த பாலுக்கும் கணக்கு வைத்ததைப் பாருங்கள்.

மீட்டர் பொய் சொன்னாலும் காரின் மற்ற உறுப்புகள் பொய் சொல்லா. ஐம்பதாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும் காரில் பிரேக் மிதியின் றப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங்கின் தோல் பளபளக்கிறதா, சாரதி ஆசனத்தின் ஓரம் குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உடுப்பின் தையலைப் பார்த்தே அது எத்தனை முறை உடுத்தது என்று சொல்லும் கண்கள் உங்களுடையவை. இதில் நீங்கள் ஆண்களைவிடக் கெட்டிக்காரிகள். ஆண்கள் பொனட்டைத் திறந்து எஞ்சினை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் உள்ளே ஏறி உட்காருங்கள்.

உட்கார்ந்ததும் முதலில் மூக்கைப் பாவியுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி, உலர்த்தி, வாசனைத் திரவியம் அடித்து விற்பவர்கள் உண்டு. பூட்டிய அறையில் ஈரத்துணி கிடந்த வாடை வந்தால் எச்சரிக்கையாகுங்கள். ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது தண்ணீர் குடித்த கார். டிக்கியில் மேலதிகச் சில்லு இருக்கும் குழியைத் திறந்து துருவும் மணலும் இருக்கிறதா என்று பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி உள்ளங்கையால் தடவுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். கழுவித் துடைத்த காரின் விரிப்புக்கு அடியில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல் நினைவுக்கு வரும்.

"இருக்கிற மாதிரி எடுங்கள், பிறகு என்னிடம் வரக்கூடாது" என்று விற்பவர் நிபந்தனை போடுவது வழக்கம். நமது ஷாபிஈ மத்ஹபில் இந்த வார்த்தை விற்பவரை முழுமையாகக் காப்பாற்றாது. விற்பவருக்கே தெரியாத, உயிர்ப்பிராணியின் உள்ளே மறைந்த குறையில் மட்டுமே அது செல்லும் என்பது மின்ஹாஜின் சட்டம். ஹனபி மத்ஹப் இதில் தாராளமானது. ஆனால் தெரிந்த குறையை மறைத்துவிட்டு இந்த வார்த்தையைக் கவசமாகப் பிடிப்பது மோசடி என்பதில் இரண்டு பேச்சு இல்லை.

வாங்குபவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய குறை ஒன்று வெளிப்பட்டால் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். குறையைக் கண்ட பிறகும் அந்தக் காரில் இரண்டு கல்யாண வீட்டுக்கும் ஒரு சுற்றுலாவுக்கும் போய்வந்துவிட்டு, மூன்றாம் மாதம் "எடுத்துக்கொள்" என்று போய் நின்றால் அந்த உரிமை கைநழுவியிருக்கும். குறை தெரிந்த நேரமே காரை நிறுத்தி வையுங்கள்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பதிவுச் சான்றிதழில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் உரிமையாளராகக் கிடந்தால் அந்தக் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் காரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். "ஓபன் பேப்பர்" என்று கையெழுத்து மட்டும் வைத்த படிவத்தோடு மூன்று நான்கு பேர் கைமாறிய காரை வாங்கினால், உடனே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் ஓட்டினால் நீங்கள் செய்யும் குற்றத்துக்குப் பொலிஸ் தேடிப் போவது யாரோ ஓர் அப்பாவியின் வீட்டுக் கதவை.

பெயர் என்றதும், இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் கார் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு பெண்ணின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. வட்டிக்கு லீசிங் எடுக்க அஞ்சி, மனைவி தன் மாலையையும் காப்பையும் கழற்றித் தருகிறாள். நல்ல மனம். அல்லாஹ் அதற்குக் கூலி தருவானாக. ஆனால் அந்த நகை அன்பளிப்பா, கடனா, அல்லது காரில் அவளது பங்கா என்பதை எந்த வீட்டிலும் பேசுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி பதினொரு பவுண் நகையை விற்றுக் கொடுத்தார். கார் கணவரின் பெயரில் பதியப்பட்டது. நான்கு வருடத்தில் கணவர் மாரடைப்பால் வபாத்தானார். ஒரே மகள். மையித்தின் பெற்றோர் முன்னரே காலஞ்சென்றவர்கள், சகோதரர்கள் இருவர் இருந்தனர். சொத்தைப் பிரிக்கும்போது காரும் அதில் சேர்ந்தது. மகளுக்குப் பாதி, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிகுதி எட்டில் மூன்று சகோதரர்களுக்கு. கணக்கில் பிழை இல்லை. அந்தச் சகோதரர்களும் கெட்டவர்களல்லர். நகை கொடுத்ததை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள், ஆனால் அது கடனாகக் கொடுத்ததா என்று சொல்ல ஆளும் இல்லை, எழுத்தும் இல்லை. கடன் என்று உறுதியாகியிருந்தால் பங்கு பிரிக்க முன் அது தீர்க்கப்பட்டிருக்கும். கடனுக்குப் பிறகுதான் வாரிசுரிமை என்று அந்நிஸா அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. காரை விற்றுப் பிரித்தார்கள். மகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விட அந்த உம்மா இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறார்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதி வைப்பது பற்றியது. கணவன் மனைவிக்கிடையில் எழுத்தா என்று வெட்கப்படுகிறோம். ஒரு கொப்பித் தாளில் திகதி போட்டு, இத்தனை பவுண், இன்ன விலைக்கு விற்றது, இது கடன் அல்லது இது பங்கு அல்லது இது அன்பளிப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு, சாட்சிகளையும் வையுங்கள். அன்பளிப்பாகவே கொடுப்பதானால் மனம் நிறைந்து கொடுங்கள். அதையும் தெரிந்து கொடுங்கள்.

காரை விற்கும் நாளிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. எங்கள் பழைய காரை விற்க முடிவு செய்தபோது அதன் குறைகளை எழுத ஒரு தாளோடு உட்கார்ந்தேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏசி போட்டால் வெப்பமுள் மேலே போகும், காலையில் இரண்டாவது கியர் கரகரக்கும், முன் இடது பக்கம் ஒருமுறை தட்டுண்டு பெயின்ட் அடித்தது. மூன்றோடு என் பேனா நின்றுவிட்டது. வீட்டார் தாளை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். மழை நாளில் பின் இடது பக்கக் கால் வைக்கும் இடம் நனையும். வலது பின் கதவின் பிள்ளைப் பூட்டு விழாது. நடு ஆசனத்துப் பட்டி உள்ளே திரும்பாது. அந்த ஆசனங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வந்தவருக்கல்லவா அது தெரியும்! சாரதிக்கு முன் கண்ணாடிதான் தெரியும்.

வாங்க வந்தவர் கம்பளையைச் சேர்ந்த ஓர் இளைஞர், தாயாரையும் கூட்டி வந்திருந்தார். தாளைக் கொடுத்தோம். அந்த உம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "பிள்ளைப் பூட்டையும் எழுதியிருக்கிறீர்களே" என்று சிரித்தார். விலையில் அறுபதாயிரம் குறைந்தது. அதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை, குறையுள்ள காருக்கு அதுதான் விலை. பத்து நாள் கழித்து இளைஞர் அழைத்தார். ஏசி போட்டால் ஒரு சத்தம் வருகிறதாம், தாளில் இல்லையே என்றார். எங்களிடம் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டதில்லை, அதையே சொன்னேன். கையளித்த பிறகு தோன்றும் குறை வாங்கியவரைச் சாரும். பழையதா புதியதா என்று இருவரும் முரண்பட்டால் சத்தியத்தோடு விற்றவரின் சொல் ஏற்கப்படும் என்பதுதான் சட்டம். சத்தியம் கேட்கும் அளவுக்கு அவர் போகவில்லை. "அவ்வளவையும் எழுதியவர் இதை மட்டும் மறைப்பீர்களா" என்று வைத்துவிட்டார்.

பராமரிப்பில் பாஸுக்கு விட வேண்டியதை விட்டுவிட்டு, வீட்டில் பார்க்கக்கூடியதைச் சொல்கிறேன். இன்று நமது சகோதரிகள் பலர் தாமே ஓட்டுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், எஞ்சின் குளிர்ந்திருக்கும் சுபஹுக்குப் பின்னான நேரத்தில், ஓயில் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டு அளவு பாருங்கள். ஓயில் மூடியின் உட்பக்கம் பால் தேநீர் நிறத்தில் குழம்பியிருந்தால் ஓயிலோடு தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகித்து, தூர ஓடாமல் கராஜுக்குப் போங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்.

அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பின் ஆசனத்தின் ஓரத்தில் இருக்கும் சிறிய காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். ஹைபிரிட் பெட்டரி குளிர்வதற்கான காற்று அதனூடாகத்தான் போகிறது. பிள்ளைகள் மத்ரஸாப் பையையும் சால்வையையும் அதன்மேல் போடுவார்கள். தூசி அடைத்தாலும் பெட்டரி சூடாகி ஆயுள் குறையும். அந்தப் பெட்டரி மாற்றும் செலவைக் கேட்டால் வீட்டில் ஒரு மாதம் சிரிப்பு வராது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூவேலை தேயாமல் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் வயது போன றப்பர் வெடிக்கும். விற்பவர்கள் காருக்குக் கறுப்பு மினுக்கம் பூசுவதும் டயரில்தான்.

கடைசியாக, காருக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். ஓயில் மாற்றிய திகதி, மீட்டர் கணக்கு, மாற்றிய உதிரிப்பாகம், கொடுத்த தொகை, கேட்ட புதுச்சத்தம். கணவர் மறந்தாலும் நீங்கள் எழுதுங்கள், பற்றுச்சீட்டுகளையும் அதற்குள் வையுங்கள். காரை விற்கும் நாளில் அந்தக் கொப்பியையும் சாவியோடு சேர்த்து வாங்குபவரின் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள்.